கல்லறை வளைவுக் கேமரா

ஷர்ஷெனுக்கு மூளையில் ரத்தம் அடைத்தபோது அவன் ஓட்டிய மினிபஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லாமல் ஆட்கள் இருந்தார்கள். இடது கை சொன்னபடி கேட்கவில்லை. வலது கையால் மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்பி, வண்டியைச் சாலை ஓரம் கொண்டுவந்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் சாய்ந்தான். உள்ளே இருந்த ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. முன் சீட்டில் இருந்த பெரியவர், ஓட்டுநர் களைத்துப்போய்க் கண்ணயர்கிறார் என்று நினைத்துத் தன் தொப்பியைக் கழற்றி விசிறியிருக்கிறார்.

ஆம்புலன்ஸில் செவிலியாகப் போனது நான். அப்போது எனக்கு ஓய்வு வரவில்லை. ஏரிக்கரைச் சாலை ஆகஸ்ட் மாதத்தில் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் குளிக்க வருகிறவர்களின் கார்கள், முலாம்பழ லாரிகள், நடுவில் புகுந்து போகும் ஆடுகள். அவனை ஏற்றிக்கொண்டு திரும்பியபோது சந்தை நாற்சந்தியில் மாட்டிக்கொண்டோம். எங்களுக்குச் சிவப்பு விளக்கு. குறுக்குச் சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை, ஆனாலும் சிவப்பு. பச்சை வந்தபோது எதிரில் போக இடமில்லை. நான் இறங்கிக் கார்களைத் தட்டித் தட்டி வழி கேட்டேன். ஒருவர் கண்ணாடியை இறக்கினார்.

"எஜே, நான் என்ன பறக்கவா முடியும்?"

இந்த ஊரில் வயதான பெண் என்றால் எல்லோருக்கும் அக்காதான், எஜேதான். மரியாதையாகத்தான் கேட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மறு வருஷம் அந்த நாற்சந்தியில் புது விளக்குகள் வந்தன. எந்தப் பக்கம் வண்டி அதிகம் நிற்கிறது என்று கேமரா பார்த்து, பச்சையை நீட்டும், குறைக்கும். ஆம்புலன்ஸ் கிளம்பினால் அது வரும் வழியெல்லாம் முன்கூட்டியே பச்சையாகிவிடும். என் கடைசி வருஷப் பணியில் நான் ஒருமுறைகூட இறங்கித் தட்டவில்லை. அவை முன்பே வந்திருந்தால் ஷர்ஷெனின் பார்வை தப்பியிருக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. தப்பியிருக்கலாம். மருந்து சீக்கிரம் ஏறினால் மூளை கொஞ்சம் அதிகம் மிஞ்சும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கையும் காலும் திரும்பி வந்தன. இடப்பக்கப் பார்வை வரவில்லை. கண்ணில் கோளாறு இல்லை. மூளைதான் இடது பாதியை வாங்கிக்கொள்ள மறுத்தது. லக்மான் வைத்தால் தட்டின் வலது பாதியைத் தின்றுவிட்டு, "எஜே, கஞ்சத்தனம் பண்றீங்க, நூடுல்ஸ் கொஞ்சமாத்தான் வைக்கிறீங்க" என்பான். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். மீதி எங்கிருந்தோ முளைத்ததுபோல் பார்ப்பான்.

ஓய்வுக்குப் பிறகு நான் பக்கவாதக்காரர்களின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஷர்ஷெனுக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. தலையைத் திருப்பு. எதைப் பார்த்தாலும் இடது பக்கம் தலையைத் திருப்பி ஒருமுறை பார். கதவைத் தாண்டும்போது, தட்டைப் பார்க்கும்போது, தெருவில் இறங்கும்போது. ஒரு குளிர்காலம் முழுவதும் அவன் இடப்பக்கம் நின்றுகொண்டு, "இங்க யாரு நிக்கிறா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் அது அவனுக்குப் பழகிவிட்டது. ஆனால் ஓட்டுநர் உரிமம் போனது போனதுதான். பாதி உலகம் தெரியாதவனிடம் யாரும் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

அவனுக்கு வீட்டில் யாரும் இல்லை. மனைவி அஸில் சிறுநீரகம் கெட்டு, அவனுக்கு நோய் வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில் போய்விட்டாள். ஊருக்கு மேற்கே சாலை ஏரியை விட்டு மலைப்பக்கம் திரும்புகிற வளைவில் இருக்கும் கல்லறையில் அவளை வைத்தார்கள். அந்த வளைவின் வழியாகத்தான் அவன் தினமும் மினிபஸ் ஓட்டியிருந்தான். மகன் மிர்லான் மாஸ்கோவில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். வாரத்துக்கு ஒருமுறை போனில் வருவான்.

"அப்பா, அங்க தனியா என்ன பண்ணப் போறீங்க? வீட்டைப் பூட்டிட்டு வந்துருங்க. ஒன்பதாவது மாடி, லிப்ட் இருக்கு."

"ஒன்பதாவது மாடில ஆப்ரிகாட் மரம் இருக்கா?"

"கடைல ஆப்ரிகாட் இருக்கு."

இந்தப் பேச்சு மாறாமல் நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமைகளில் ஷர்ஷென் எண்ணெய் காய்ச்சி மாவு உருண்டைகளைப் பொரிப்பான். செத்தவர்களுக்கு எண்ணெய் வாசம் போய்ச் சேரும் என்பது எங்கள் வழக்கம். அவன் ரத்த அழுத்தத்துக்கு எண்ணெய் ஆகாது என்பது என் வழக்கம். வாசத்தை அவளுக்கு விட்டுவிட்டு உருண்டைகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடு என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவன் திருட்டுத்தனமாக இரண்டு தின்பான். நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

பிறகுதான் அந்த வேலை வந்தது. மாவட்ட அலுவலக மாடியில் போக்குவரத்துக் கண்காணிப்பு அறை திறந்தார்கள். சாலையில் வைத்த கேமராக்கள் ஓட்டுநர்களைப் படம் பிடிக்கும். பெல்ட் போடாதவர், போனில் பேசுகிறவர் என்று மெஷின் சந்தேகப்படும் படங்கள் மட்டும் அறைக்கு வரும். மெஷின் சொன்னது சரியா தப்பா என்று ஒரு மனிதர் பார்த்துப் பொத்தானை அமுக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் உடல்குறை உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். மூன்று மாதச் சோதனைக் காலம், அதில் தேறினால் நிரந்தரம்.

ஷர்ஷென் மகனிடம் சொன்னான்: "இந்த வேலை நிலைச்சுதுன்னா நான் இங்கயே இருக்கேன். இல்லன்னா நீ சொன்னபடி வர்றேன். அதுக்கு மேல பேசாத."

மிர்லான் ஒப்புக்கொண்டான். தேறமாட்டார் என்று நினைத்திருப்பான்.

இடது பாதி தெரியாதவனைப் படம் பார்க்க உட்காரவைக்கிறார்களே என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் எங்கள் ஊர் வண்டிகளில் ஓட்டுநர் சீட்டு இடது பக்கம், முன்னாலிருந்து எடுத்த படத்தில் அவர் வலது பக்கம்தான் வருவார். அது அவனுக்கு நன்றாகவே தெரியும். மற்றதுக்குத் தலையைத் திருப்பினால் போதும்.

முதல் வாரங்களில் அவன் வாயில் மெஷினைத் தவிர வேறு பேச்சில்லை. "எஜே, வளைவுக்கு முன்னால ரோட்டுக்கு அடியில ஒண்ணு புதைச்சிருக்காங்க. தார் உறையப் போகுதுன்னா அதுக்குத் தெரிஞ்சுருது. பலகைல உடனே 'பனிக்கட்டி, மெதுவா'ன்னு எரியுது. நான் ஓட்டின காலத்துல எதிர்ல வர்றவன் விளக்கை அடிச்சுக் காட்டினாத்தான் உண்டு. பாதிப் பேரு அடிக்க மாட்டானுங்க."

அந்த வளைவில் பனிக்காலத்தில் எத்தனை பேரைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பலகை வைத்த பிறகு என் பழைய சகாக்களுக்கு அங்கே வேலை குறைந்துவிட்டது. எனக்கு அந்த மெஷின்களோடு சண்டை ஒன்றும் இல்லை.

பிறகு அவன் மெஷினைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினான். எனக்குப் போன் செய்வதையும் குறைத்தான். பக்கவாதக்காரர் திடீரென்று அமைதியாகிவிட்டால் நான் சும்மா இருப்பதில்லை. மாத்திரையை மறந்துவிட்டான் என்று சாக்கு வைத்துக்கொண்டு ஒருநாள் மதியம் அந்த அறைக்குப் போனேன்.

சின்ன அறை. ஒரு திரை, ஒரு நாற்காலி, ஜன்னலில் ஒரு தேநீர்க் கெட்டில். அவன் மட்டும்தான். எல்லா உத்தரவும் பிஷ்கெக்கிலிருந்து போனில் வரும். திரையில் ஒரு மினிபஸ். ஓட்டுநரின் இரண்டு உள்ளங்கைகளும் கன்னத்தருகே இருந்தன. மெஷின் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, 'கைபேசி' என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லறையைத் தாண்டும்போது செத்தவர்களுக்காக வேண்டி, கையால் முகத்தைத் தடவி ஓமின் சொல்லாத ஓட்டுநர் இந்த நாட்டில் உண்டா? மெஷின் எங்கிருந்தோ வந்தது. அதற்கு எங்கள் வழக்கம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஷர்ஷென் சிரிக்கவில்லை. ஓட்டுநரைப் பார்க்கவும் இல்லை. தலையை நன்றாக இடது பக்கம் திருப்பி, படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால், சாலைக்கு அப்பால், மண் குவிமாடங்களுக்கு நடுவில் ஒரு நீல இரும்பு வேலி தெரிந்தது. மேலே பிறை. அதற்கு வண்ணம் அடித்த நாளில் நான் வண்ண டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூட நின்றேன். அஸிலுடைய வேலி.

"தினம் எத்தனை பேரு அவளுக்கு ஓமின் சொல்றாங்க தெரியுமா எஜே?"

"அவளுக்கு மட்டுமா? அங்க ஊரே படுத்திருக்கு."

"தெரியும். ஆனா வேலி அவளோடதுதானே தெரியுது."

அவன் பொத்தானை அமுக்கினான். நான் எட்டிப் பார்த்தேன். 'கையில் போன் இல்லை' என்று ஒரு பொத்தான் இருந்தது. அவன் அமுக்கியது அதுவல்ல. 'படம் தெளிவில்லை' என்பதை அமுக்கினான்.

"தெளிவாத்தானே இருக்கு? அவன் மூக்குல இருக்கிற மருவே தெரியுது."

அவன் மாத்திரையை வாங்கி விழுங்கினான். அடுத்த படம் வந்தது. ஒரு லாரி, இரண்டு கை, நீல வேலி.

அவன் முகத்தில் நிறம் வந்திருந்தது. ரத்த அழுத்தமும் பல மாதங்களில் முதல்முறையாகச் சரியாக இருந்தது. அதனால் நான் மேலே தோண்டவில்லை.

தோண்டியது ஓர்மன். ஷர்ஷென் வயதுக்காரன், அதே தடத்தில் இன்னும் மினிபஸ் ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். ஒரு வியாழக்கிழமை எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது அபராதச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"டேய், உன் மெஷின் நான் போன்ல பேசினேன்னு சொல்லுது! என்கிட்ட இருக்கிறது பட்டன் போன். அதுவும் சட்டைப்பைல. சட்டை மேல கோட்டு. கோட்டு மேல பெல்ட்டு. அதை எடுக்கணும்னா நான் வண்டியை நிறுத்திட்டு அவுத்துப் போட்டுட்டு நிக்கணும்!"

"எப்ப எடுத்த படம்?"

"ராத்திரி ட்ரிப்ல. உன் பொண்டாட்டிக்கு ஓமின் சொன்னேன்டா. அதுக்கு அபராதமா? உயிரோட இருந்தப்ப டீ குடுத்தா, இப்ப சீட்டு குடுக்கறா!"

இரவுப் படங்களை ஷர்ஷென் பார்ப்பதில்லை. அவை பிஷ்கெக்கில் இருக்கும் ஒருவருக்குப் போகும். அவருக்குப் பல ஊர்ப் படங்கள். இரவில் எடுத்த சாம்பல் நிறப் படத்தில் கை முகத்தருகே இருந்தால் சரி என்று அமுக்கிவிடுவார்.

ஷர்ஷென் வாணலியைப் பார்த்துக்கொண்டே நின்றான். உருண்டைகள் கறுத்தன.

"ஏதாவது சொல்லேன்டா. மத்த பசங்களுக்கும் வந்திருக்கு. நீதான் அங்க உட்காந்திருக்க."

"பாக்கறேன்."

"என்னத்த பாக்கற? பாதிதான் தெரியுதே உனக்கு!"

சொன்ன பிறகு ஓர்மனுக்கே முகம் மாறிவிட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நான் நீட்டிய தட்டிலிருந்து ஒரு துண்டுகூடக் கிள்ளாமல் வெளியே போனான். செத்தவர் பெயரில் பொரித்ததைத் தொடாமல் எங்கள் ஊரில் பகையாளிகூடப் போவதில்லை.

நான் அடுப்பை அணைத்தேன். "இப்ப சொல்லு. ஏன் தெளிவில்லைன்னு அமுக்கற?"

சொன்னான். 'போன் இல்லை' என்று அமுக்கினால் அந்தப் படம் மெஷினுக்குப் பாடமாகப் போகும். நிறைய சேர்ந்தால் அது கற்றுக்கொண்டு, கையால் முகத்தைத் தடவுகிறவர்களை விட்டுவிடும். பகலிலும் விடும், இரவிலும் விடும். 'தெளிவில்லை' என்று அமுக்கினால் படம் குப்பைக்குப் போகும். மெஷின் எதையும் கற்காது. மறுநாளும் அதே தப்பைச் செய்யும்.

"அது கத்துக்கிட்டா படம் வராது எஜே."

"அதனால அது முட்டாளாவே இருக்கணும், ஓர்மன் அபராதம் கட்டணும்?"

"ராத்திரிப் படத்துக்கு அபராதம் போகும்னு எனக்குத் தெரியாது."

"இப்ப தெரிஞ்சுபோச்சு."

அவன் தலையைத் திருப்பவில்லை. நான் அவன் இடப்பக்கம் நின்றிருந்தேன். அவனைப் பொறுத்தவரை அங்கே யாரும் இல்லை. அது அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவன் முடிவெடுப்பதற்குள் பிஷ்கெக் விழித்துக்கொண்டது. ஒரே கேமராவிலிருந்து இத்தனை படம் தெளிவில்லை என்றால் கேமராவில் கோளாறு இருக்க வேண்டும் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். பழுதுபார்க்கிறவர் ஒருவர் உலான் என்கிற குளிர்காற்றில் கம்பத்தில் ஏறி, இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாவம், காதே உறைந்திருக்கும். துடைத்தும் மாறவில்லை. கேமரா சரியாக இருந்தால் ஆளில் கோளாறு. பழைய மினிபஸ்காரன், பழைய தோழர்களின் படங்களைக் கையூட்டு வாங்கிக்கொண்டு தள்ளிவிடுகிறான் என்று சந்தேகப்பட்டார்கள். சோதனைக் காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, நேரில் விசாரிக்க ஒரு பொறியாளர் வருகிறார் என்று போன் வந்தது.

அன்றைக்கே அவன் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அதனால்தான் பொறியாளர் வந்த நாளில் நானும் கருவியோடு அந்த அறையில் இருந்தேன்.

"சொன்னா படம் போயிடும். சொல்லாட்டி நான் போயிடுவேன்," என்றான், கைப்பட்டையை நான் இறுக்கும்போது. "ஒன்பதாவது மாடி."

"பேசாத. பேசினா அளவு ஏறும்."

பொறியாளர் ஓர் இளம்பெண், பெயர் சைகால். கனமான பனிக்காலக் கோட்டு, கையில் கணினி. வந்ததும் உட்காராமல், அண்ணன் என்கிற மரியாதையில் ஷர்ஷெனைப் பைகே என்று அழைத்துக் கேட்டாள்.

"பைகே, தப்பா நினைக்காதீங்க, வயசுல பெரியவங்க நீங்க. ஓர்மன்னு ஒருத்தர் படத்தை நிறைய தடவை தள்ளியிருக்கீங்க. உங்க சிநேகிதராமே?"

"ஆமா."

"அவர் ஏதாவது குடுத்தாரா?"

"அவன் டீ குடிக்கத்தான் வருவான். இப்ப அதுவும் வர்றதில்ல."

அவள் கணினியைத் திறந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது சுலபமல்ல. படத்தைத் திறந்தால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். எங்கள் நாட்டுப் பெண்தானே. அவள் திறப்பதற்கு முன்னால் ஷர்ஷென் பேசினான்.

"பொண்ணே, மெஷின்ல ஒண்ணும் இல்ல. கேமராலயும் இல்ல. படம் எல்லாம் தெளிவாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் அமுக்கினேன்."

பிறகு படத்தைத் திறந்து காட்டினான். கைகள் எதற்காக உயர்ந்திருக்கின்றன என்று சொன்னான். அது சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. பிறகு தலையைத் திருப்பி, நீல வேலியின் மேல் விரலை வைத்தான்.

"இது என் வீட்டுக்காரி."

சைகால் கோட்டோடு அப்படியே உட்கார்ந்தாள்.

"காலைல வரும்போது பின் சீட்டுல இருந்து நானும்தான் அந்த இடத்துல கையைத் தூக்கினேன். எங்க டிரைவரும் தூக்கினார். அவருக்கும் இந்நேரம் படம் வந்திருக்கும்." முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "நாங்க அங்க உட்காந்துகிட்டு எண்ணிக்கையைத்தான் பாத்தோம் பைகே. ஒருத்தரும் படத்தைத் திறந்து பாக்கல."

"டிரைவர் ரெண்டு கையையுமா விட்டார்?" என்று நான் கேட்டேன்.

"ஆமா."

"அதையும் எழுதிக்கோ. போன் இல்லைங்கறது சரி. ஆனா வளைவுல ரெண்டு கையையும் விடறதும் சரி இல்ல. படுத்திருக்கறவங்களுக்கு ஓமின் சொல்லப் போய் அவங்க பக்கத்துலயே படுத்தவங்களை நான் தூக்கியிருக்கேன். நேர் ரோட்டுலயே சொல்லிட்டு வரட்டும். உங்க பலகைதான் பனி இல்லாதப்ப சும்மா இருக்கே, அதுல எழுதிப் போடுங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். பிறகு ஷர்ஷெனிடம் திரும்பினாள்.

"நீங்க தள்ளின படம் எல்லாத்தையும் மறுபடி கொண்டுவந்து தர்றேன். ஒவ்வொண்ணாப் பாத்து சரியான பொத்தானை அமுக்கணும். அதை வச்சு மெஷினுக்குக் கத்துக்குடுப்போம். அபராதம் எல்லாம் ரத்தாகும். நீங்க பொய் அமுக்கினதையும் நான் எழுதித்தான் ஆகணும். ஆனா நீங்களே சொன்னீங்கன்னும் எழுதுவேன்."

"கத்துக்கிட்டா, அப்புறம் இந்தப் படம் எதுவும் வராது?"

"வராது பைகே."

"ஒண்ணுகூடவா?"

"அதுக்குத்தானே கத்துக்குடுக்கறோம்."

அவன் தலையசைத்தான். அந்த வாரம் முழுவதும் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இடது பக்கம் தலையைத் திருப்பி, திரும்பி வந்து, 'கையில் போன் இல்லை' என்று அமுக்கினான். அவசரப்படவில்லை. அவசரப்படு என்று யாரும் சொல்லவும் இல்லை.

வேலை நிரந்தரமானது. சைகால் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறாள். மகனிடம் ஷர்ஷென் தகவல் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். "நல்லது அப்பா" என்றான் மிர்லான். குரலில் நிம்மதியும் இருந்தது, ஏதோ ஒரு குறையும் இருந்தது. ஓர்மனின் அபராதம் ரத்தானது. அடுத்த வியாழக்கிழமை வந்து, போன தடவை தொடாததற்கும் சேர்த்துத் தின்றான். "இப்ப ஓமின் எப்ப சொல்லணும்னு பலகை சொல்லுதுடா. நாளைக்கு எப்ப தும்மணும்னும் சொல்லும்" என்றான். ஆனால் பலகை சொன்னபடிதான் செய்தான். எல்லோரும் நேர் சாலையிலேயே கையைத் தூக்கிவிட்டு, வளைவுக்கு வரும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல மாற்றம். இதை நான் வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை.

படங்கள் நின்றுவிட்டன. மெஷின் நன்றாகவே கற்றுக்கொண்டது.

பனி விழ ஆரம்பித்த பிறகு நான் அந்த அறைக்குப் போனபோது திரையில் ஓர் இளைஞன் நிஜமாகவே போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அது வேறு கேமரா, சந்தைப் பக்கம். ஷர்ஷென் சரி என்று அமுக்கினான்.

"இப்பல்லாம் இப்படித்தான் எஜே. வர்றவங்க எல்லாம் வேற யாரோடயோ பேசிட்டிருக்காங்க."

தேநீர் ஊற்றினான். அவன் தலை தானாக இடது பக்கம் திரும்பியது. படத்தின் அந்த ஓரத்தில் சந்தைச் சுவர்தான் இருந்தது.

நேரில் போய் வா, வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறைதானே என்றேன். இரண்டு முறை போனான். ஓர்மன் இறக்கிவிட்டான். திரும்பி வரும் வண்டி எதுவும் வளைவில் நிற்பதில்லை. நிற்கவும் கூடாது, பின்னால் வருகிறவன் மோதுவான். அந்தக் காற்றில், பாதிப் பார்வையோடு, நேர் சாலை வரை நடந்து வந்து வண்டி பிடித்திருக்கிறான். இரண்டாவது முறை காய்ச்சல் வந்தது. வசந்தம் வரும்வரை போகாதே என்று நானே தடுத்துவிட்டேன்.

போன வாரம் எனக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நோயாளி. ஓர்மனின் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். நேர் சாலையில் ஓமின் சொல்லச் சொல்லிப் பலகை எரிந்தது. இருவரும் கையைத் தூக்கினோம். அவன் ஒரு கையைத்தான் தூக்கினான்.

"எஜே, அவன் நம்மளை இப்ப பாக்கறதே இல்லையா?"

"தப்பு பண்ணினாத்தான் படம் போகும். நீதான் திருந்திட்டியே."

வளைவு வந்தது. ஓர்மன் முன் கண்ணாடிக்குக் கீழே துணியில் சுற்றி வைத்திருந்த ரொட்டியிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து, போன்போலக் காதில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வை, பைத்தியக்காரா!"

"ஒரே செகண்டு எஜே. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கிராமத்தில் இறங்கும்வரை அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஷர்ஷென் போன் செய்தான். வெகுநாள் கழித்து அவனாக அழைத்தான்.

"ஓர்மன் ரொட்டியோட பேசறான்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. 'கைபேசி'ன்னு கட்டம் போட்டு வந்துச்சு. ரொட்டி நல்லா வெந்திருந்துச்சு. தலையைத் திருப்பினேன், பக்கத்துல நீங்க வாயைத் திறந்துகிட்டு இருந்தீங்க."

"திட்டிட்டு இருந்தேன்."

"தெரிஞ்சுது. உங்களுக்குப் பின்னால வேலி. மேல பனி உக்காந்திருக்கு, பிறை மட்டும் தெரியுது."

"என்ன அமுக்கின?"

"போன் இல்லைன்னு. கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு அமுக்கினேன்."

அந்தப் பக்கம் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். போட்டேன் என்றான்.

"எஜே, அவன்கிட்ட சொல்லிருங்க. மறுபடி பண்ண வேண்டாம்னு."

"நான் சொல்லாமயா இருப்பேன்? வளைவு அது."

"வளைவு மட்டும் இல்ல. நான் உண்மையைத்தான் அமுக்குவேன். நாலு தடவை ரொட்டியைப் பாத்தா மெஷின் அதையும் கத்துக்கும்."